பெட்ரோல் கம்ப்ரசர்: அழுத்தம் வேறு, காற்றின் அளவு வேறு

கடலூர், சிதம்பரம் வட்டாரங்களில் காற்றுக் கம்ப்ரசரை அறியாத விவசாயி இல்லை. பஞ்சர் கடையில் அதைப் பார்க்கிறோம். திட்டக்குடி, வேப்பூர் பக்கம் கிணற்றில் பாறை குடைய அது டிராக்டரோடு வருகிறது. பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி பக்கம் ஆழ்துளைக் கிணறு கழுவ லாரியில் வருகிறது. இவை தவிர, பெட்ரோல் என்ஜின் பொருத்தி, சக்கரத்தில் தள்ளிச் செல்லக்கூடிய சிறிய கம்ப்ரசர்களும் இப்போது விற்பனைக்கு உள்ளன. மின்சாரக் கம்பம் இல்லாத முந்திரித் தோப்பிலும் வயல் வரப்பிலும் இவற்றை ஓட்டலாம். எனவே, சொந்தமாக ஒன்று வாங்கலாமா என்று பல விவசாயிகள் எண்ணுகிறார்கள்.

வாங்குமுன் இதன் வேலை முறையைத் தெரிந்துகொள்வது அவசியம். "115 பவுண்டு அழுத்தம் கொடுக்கும்" என்று விற்பவர் சொல்வதை மட்டும் நம்பி வாங்கினால் பணம் வீணாகலாம். அதே நம்பிக்கையில் இதைக் கிணற்று வேலைக்குப் பயன்படுத்தினால் உயிரே போகலாம். இரண்டுக்கும் காரணம் ஒன்றே: காற்றின் அழுத்தத்தையும் காற்றின் அளவையும் ஒன்றாக எண்ணிவிடுவது.

முதலில் ஒரு விளக்கம். அமெரிக்க விளம்பரங்களில் இந்த இயந்திரத்தை 'கேஸ் கம்ப்ரசர்' என்று குறிப்பிடுவார்கள். அந்நாட்டில் பெட்ரோலுக்கே கேஸ் என்று பெயர். சமையல் எரிவாயுவில் ஓடும் இயந்திரம் என்று பொருள் கொள்ளவேண்டாம்.

உறுப்புகள் என்னென்ன?

இந்த இயந்திரத்தில் மூன்று முக்கிய பாகங்கள் உள்ளன. ஒன்று, பெட்ரோல் என்ஜின். இரண்டு, காற்றை அமுக்கும் பம்பு. மூன்று, அமுக்கிய காற்றைச் சேமிக்கும் இரும்புத் தொட்டி.

என்ஜினும் பம்பும் தனித்தனி. என்ஜினின் சிறிய கப்பியிலிருந்து பம்பின் பெரிய சக்கரத்துக்கு 'வி' பெல்ட் ஓடும். கப்பி சிறிதாகவும் சக்கரம் பெரிதாகவும் இருப்பதால், என்ஜின் வேகமாகச் சுழன்றாலும் பம்பு நிதானமாகச் சுழலும். பம்புச் சக்கரத்தின் ஆரங்கள் விசிறி இறக்கை போல் அமைந்திருக்கும். அவை பம்பின் மேல் காற்றை வீசிச் சூட்டைத் தணிக்கின்றன.

பம்புக்குள் சிலிண்டரும் பிஸ்டனும் உண்டு. பிஸ்டன் கீழே இறங்கும்போது உள்வால்வு திறந்து, வெளிக்காற்று வடிகட்டி வழியாகச் சிலிண்டருக்குள் நுழைகிறது. பிஸ்டன் மேலேறும்போது உள்வால்வு மூடிக்கொள்கிறது. உள்ளே அகப்பட்ட காற்று அமுங்குகிறது. அதன் அழுத்தம் தொட்டியின் அழுத்தத்தை மிஞ்சியதும் வெளிவால்வு திறந்து காற்று தொட்டிக்குள் போகிறது. அது திரும்பி வராமல் தடுக்க, தொட்டியின் வாயில் ஒரு தடுப்பு வால்வு இருக்கிறது. கையால் அடிக்கும் சைக்கிள் பம்பு செய்யும் வேலையும் இதுதான். கைக்குப் பதில் என்ஜின் அடிக்கிறது.

சைக்கிள் பம்பால் நாலைந்து நிமிடம் அடித்தால் அதன் அடிப்பாகம் சுடும். காற்றை அமுக்கினால் சூடு பிறக்கும் என்பதே காரணம். வெளிக்காற்றை ஒரே வீச்சில் 115 பவுண்டு வரை அமுக்கினால், கணக்குப்படி 200 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடேறும். ஆகவேதான் சிலிண்டரைச் சுற்றி இரும்புத் தகடுகள் வரிவரியாக அமைந்திருக்கின்றன. இரண்டு சிலிண்டர் உள்ள சில பம்புகளில் காற்று முதலில் பெரிய சிலிண்டரில் பாதியளவு அமுங்கி, இடையில் ஒரு குழாயில் ஆறி, பிறகு சிறிய சிலிண்டரில் முழுதும் அமுங்கும். இதை இரண்டு கட்டக் கம்ப்ரசர் என்பார்கள். நெடுநேரம் ஓட்ட இதுவே ஏற்றது.

தொட்டி நிறைந்ததும் என்ன நடக்கிறது?

மின்சாரக் கம்ப்ரசரில் தொட்டி நிறைந்ததும் ஒரு சுவிட்சு மோட்டாரை நிறுத்திவிடும். அழுத்தம் குறைந்ததும் மீண்டும் ஓடவிடும். பெட்ரோல் என்ஜினை அப்படி நொடிக்கொரு தரம் நிறுத்தி ஓட்ட முடியாது. எனவே இதில் சுமை நீக்கும் வால்வு ஒன்று உள்ளது. தொட்டியில் குறித்த அழுத்தம் வந்ததும் இந்த வால்வு பம்பின் காற்றைத் தொட்டிக்குப் போகவிடாமல் வெளியே விட்டுவிடும். அதே சமயம் என்ஜினின் வேகத்தையும் குறைத்துவிடும். என்ஜின் சுமையின்றி மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும். நாம் காற்றை எடுக்க எடுக்க அழுத்தம் குறையும். உடனே வால்வு மூடிக்கொண்டு என்ஜின் வேகம் பிடிக்கும்.

இந்த வால்வு அழுக்கடைந்து சிக்கிக்கொண்டால் அழுத்தம் எல்லையைத் தாண்டி ஏறும். அப்போது காப்பாற்றுவது பாதுகாப்பு வால்வு ஒன்றுதான். 'சர்' என்று சத்தம் போடுகிறதே என்று அதற்கு ஆணி அடித்தோ, போல்ட்டு வைத்தோ அடைத்துவிடுவது தற்கொலைக்குச் சமம்.

115 பவுண்டு என்பது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 8 கிலோ. ஒரு அடி விட்டமுள்ள தொட்டியின் மூடி ஒன்றின் மேல் மட்டும் அந்தக் காற்று ஐந்தரை டன்னுக்கு மேல் தள்ளுகிறது. 100 லிட்டர் தொட்டி வெடித்தால் வெளிப்படும் சக்தி, ஒரு டன் எடையை இருபது அடி உயரத்துக்குத் தூக்கப் போதுமானது.

இரண்டு எண்களைக் கேளுங்கள்

பம்பு செட் வாங்கும்போது விவசாயி இரண்டு கேள்வி கேட்கிறார்: எவ்வளவு உயரம் தள்ளும்? எவ்வளவு தண்ணீர் கொட்டும்? கம்ப்ரசருக்கும் அவ்விரண்டு கேள்விகளே. அழுத்தம் எத்தனை பவுண்டு? நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று?

முதல் எண்ணை விற்பவரே உரக்கச் சொல்லுவார். இரண்டாவதை நாம்தான் கேட்டு வாங்கவேண்டும். பட்டியலில் சி.எஃப்.எம். என்று அச்சிட்டிருப்பது நிமிடத்துக்கு இத்தனை கன அடி என்பதன் சுருக்கம். இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சிலர் பிஸ்டன் நகரும் இடத்தின் அளவை அச்சிட்டிருப்பார்கள். உண்மையில் குழாய் வழியாக வெளியே கிடைக்கும் காற்று அதைவிடக் கணிசமாகக் குறைவு. "குழாய் முனையில் கிடைக்கும் காற்று எவ்வளவு? எத்தனை பவுண்டு அழுத்தத்தில்?" என்று கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளவேண்டும்.

ஐந்தரைக் குதிரைசக்தி பெட்ரோல் என்ஜின் பூட்டிய கம்ப்ரசர் 90 பவுண்டு அழுத்தத்தில் நிமிடத்துக்குச் சுமார் 8 முதல் 10 கன அடி காற்று தரும். ஒரு கன அடி என்பது 28 லிட்டருக்குச் சற்று அதிகம். 9 கன அடி என்றால் சுமார் 255 லிட்டர். இதற்கு மணிக்கு ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் பெட்ரோல் செலவாகும்.

தொட்டி பெரிதாக இருந்தால் காற்று அதிகம் கிடைக்கும் என்று சிலர் எண்ணுவது தவறு. வீராணம் ஏரிக்கு வடவாறு எப்படியோ, தொட்டிக்குப் பம்பு அப்படி. வடவாற்றில் வரும் தண்ணீரைவிட மதகுகளில் அதிகம் திறந்தால் ஏரி இறங்கத்தானே செய்யும்? தொட்டி சற்று நேரத்துக்குத் தாங்குமே தவிர, வரத்தைக் கூட்டாது.

எந்த வேலைக்கு இது போதும்?

டயர்: டிராக்டரின் பின் டயர் ஒன்றின் உள்ளளவை 200 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதில் 14 பவுண்டு ஏற்ற 200 லிட்டர் வெளிக்காற்று தேவை. 100 லிட்டர் தொட்டி 115 பவுண்டில் நிறைந்திருந்தால், என்ஜினை நிறுத்திய பிறகும் அதுபோன்ற மூன்று டயர்களை நிரப்பலாம். காலித் தொட்டியை நிரப்ப நம் சிறு கம்ப்ரசருக்குச் சுமார் மூன்று நிமிடம் போதும். ஆகவே டிராக்டர், டிரெய்லர், மாட்டு வண்டி டயர்களுக்கு இது நன்கு போதும். சம்பா அறுவடை நேரத்தில் வயலிலேயே காற்று ஏற்ற முடிவது பெரிய உதவி. டயருக்கு எத்தனை பவுண்டு என்பதைக் கைப்புத்தகத்தைப் பார்த்து ஏற்றவும். ஏற்றும்போது டயருக்கு நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நிற்கவேண்டும்; துண்டு துண்டாகப் பூட்டும் ரிம் உள்ள டிரெய்லர் சக்கரத்துக்கு இது மிக முக்கியம்.

ரேடியேட்டர், வடிகட்டி: அறுவடைக் காலத்தில் டிராக்டர் ரேடியேட்டரில் பதரும் தூசியும் அடைத்துக்கொள்ளும். விசிறி காற்றை இழுக்கும் திசைக்கு எதிர்த்திசையில், 30 பவுண்டுக்கு மிகாமல் ஊதினால் சுத்தமாகும். அதிக அழுத்தம் தகடுகளை வளைத்துவிடும். காகித வடிகட்டியை உள்ளிருந்து வெளியாக ஊதவேண்டும். எண்ணெய்த் தொட்டி உள்ள பழைய வகை வடிகட்டியைக் கழுவித்தான் சுத்தம் செய்யவேண்டும்.

சொட்டுநீர்க் குழாய்: கரும்புக்கும் காய்கறிக்கும் போட்ட சொட்டுநீர்ப் பக்கக் குழாய்கள் இரண்டரைக் கிலோ அழுத்தத்துக்கு மேல் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அடைப்பு நீங்கும் என்று எண்ணிக் கம்ப்ரசர் காற்றை ஏற்றினால் குழாய் பிய்ந்துவிடும். கடைசி முனையைத் திறந்துவிட்டுத் தண்ணீராலேயே கழுவவேண்டும்.

வடிமுனைக் கிணறு கழுவுதல்

சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பகுதிகளில் ஆற்று மணலில் இறக்கிய ஆழமில்லாத வடிமுனைக் கிணறுகள் உண்டு. நாளடைவில் வடிமுனையில் நுண்மணலும் களிமண்ணும் அடைத்துத் தண்ணீர் குறைந்துவிடும். இதைக் கழுவச் சிறு கம்ப்ரசர் உதவும்.

அரை அங்குலக் காற்றுக் குழாயைக் கிணற்றுக் குழாய்க்குள் இறக்கிக் காற்றைச் செலுத்தினால், குமிழிகள் தண்ணீரோடு கலக்கின்றன. காற்றுக் கலந்த தண்ணீர் எடை குறைந்தது. சுற்றியுள்ள கனத்த தண்ணீர் அதை மேலே தள்ளிவிடுகிறது. மணலும் கூடவே வெளியேறுகிறது.

இது நடக்கவேண்டுமானால், இறக்கிய காற்றுக் குழாயின் நீளத்தில் பாதிக்குக் குறையாமல், முடிந்தால் ஐந்தில் மூன்று பங்கு, தண்ணீருக்குள் இருக்கவேண்டும். தண்ணீர் 10 அடியில் நின்றால் குழாயை 25 அடி இறக்குங்கள். 15 அடி தண்ணீருக்குள் இருக்கும். தண்ணீர் 20 அடியில் நிற்க, கிணறே 25 அடி என்றால் எவ்வளவு காற்று விட்டாலும் தண்ணீர் மேலே வராது. குமிழிதான் வரும்.

காற்றைத் தொடர்ந்து விடுவதைவிட, சிறிது நேரம் நிறுத்தித் தொட்டியில் அழுத்தம் சேர்ந்தபின் சட்டென்று திறப்பது நல்லது. தண்ணீர் முன்னும் பின்னும் அலைந்து வடிமுனைத் துளைகளைக் கழுவும். பிளாஸ்டிக் வடிமுனையானால் மெதுவாகத் தொடங்கவேண்டும். காற்றுக் குழாய் துள்ளி எழாமல் கயிற்றால் கட்டவேண்டும். கிணற்று வாயில் முகத்தை வைத்துப் பார்க்கக்கூடாது. தண்ணீர் தெளிவாக வந்ததும் நிறுத்திவிடலாம்.

பரங்கிப்பேட்டை, கிள்ளை போன்ற கடலோரப் பகுதியினருக்கு ஓர் எச்சரிக்கை. அங்கு மணலுக்கடியில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணீர் குறைந்தால், அடியிலிருந்து ஏறத்தாழ 40 அடி வரை உப்புத் தண்ணீர் மேலேற இடமுண்டு. கழுவுதல் அடைப்பை நீக்கும், உப்பை நீக்காது. உவர்ப்பு தட்டும் கிணற்றை மேலும் ஆழமாக்கி, மேலும் வேகமாக இறைப்பது கேட்டையே தரும்.

எந்த வேலைக்கு இது போதாது?

இங்குதான் பலர் ஏமாறுகிறார்கள். தண்ணீருக்குள் ஒவ்வொரு 2.3 அடி ஆழத்துக்கும் ஒரு பவுண்டு அழுத்தம் தேவை. 115 பவுண்டு என்றால் 260 அடி ஆழத் தண்ணீரையும் தள்ளிக்கொண்டு காற்று வெளியே வந்துவிடும். "அப்படியானால் என் 300 அடி ஆழ்துளைக் கிணற்றையும் இதிலேயே கழுவலாமே" என்று தோன்றும். கழுவ முடியாது. ஆறரை அங்குல அகலமுள்ள துளையில் மணலையும் சேற்றையும் தூக்கி வெளியே எறிய நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான கன அடி காற்று வேண்டும். நம் கம்ப்ரசர் தருவதோ 9 கன அடி. அழுத்தம் போதும், அளவு போதாது. அதனால்தான் அந்த வேலைக்கு லாரியில் பெரிய டீசல் கம்ப்ரசர் வருகிறது.

பாறை குடையும் சுத்தியல் துளைக் கருவிக்கும் இதே கணக்குத்தான். சாதாரணக் கருவி ஒன்றுக்கே நிமிடத்துக்கு 60 கன அடிக்கு மேல் காற்று தேவை. அதை டிராக்டர் கம்ப்ரசரே தர முடியும்.

கம்ப்ரசர் காற்றால் தினமும் பாசனத்துக்குத் தண்ணீர் எடுக்கலாமா என்றும் கேட்கிறார்கள். துளைக்குள் சுழலும் பாகம் ஏதும் இல்லாததால் மணல் வரும் கிணற்றுக்கும் ஊற்றுக் குறைந்த கிணற்றுக்கும் இம்முறையை மின்சாரத்தில் கையாளுகிறார்கள். ஆனால் செலவிடும் சக்தியில் நாலில் ஒரு பங்கு அல்லது மூன்றில் ஒரு பங்குதான் தண்ணீரைத் தூக்கப் பயன்படும். மீதி சூடாகப் போய்விடும். பெட்ரோலில் இதைச் செய்வது நிச்சயம் நஷ்டம்.

கிணற்றுக்குள் என்ஜின் வேண்டாம்

இனிச் சொல்வதை ஒவ்வொரு விவசாயியும் தம் வீட்டாருக்கும் கிணற்று வேலைக்கு வரும் ஆட்களுக்கும் எடுத்துச் சொல்லவேண்டும்.

பெட்ரோல் என்ஜினின் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுக் காற்று இருக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் உயிர்க்காற்று சேரவேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். ஆயிரம் பங்கு காற்றில் ஓரிரு பங்கு இருந்தாலே சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்து. நூற்றில் ஒரு பங்கு இருந்தால் சில நிமிடங்களே போதும். தலைவலி, மயக்கம், கால் தளர்ச்சி என்று தொடங்கும். கால் தளர்ந்தவர் ஏணி ஏற முடியாது.

தண்ணீர் கீழே போகப் போக என்ஜினையும் கிணற்றின் உள்திட்டில் இறக்கி வைக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. பெட்ரோல் பம்பு செட், கம்ப்ரசர், ஜெனரேட்டர் எதையும் கிணற்றுக்குள் இறக்கக்கூடாது. நாலு பக்கமும் அடைத்த கொட்டகையிலும் ஓட்டக்கூடாது. கிணற்று விளிம்பிலேயே வைத்து ஓட்டினாலும் புகை உள்ளே இறங்கும். காற்றடிக்கும் திசையைப் பார்த்து, புகை கிணற்றுப் பக்கம் வராதபடி எட்ட வைக்கவேண்டும்.

மற்றொரு தவறான நம்பிக்கை இன்னும் கொடியது. பயன்படுத்தாத பழைய கிணற்றில் உயிர்க்காற்று குறைந்திருக்கலாம். சேறும் சருகும் அழுகி நச்சுக் காற்று தேங்கியிருக்கலாம். "கம்ப்ரசர் குழாயைத் தொங்கவிட்டுக் கொஞ்ச நேரம் ஊதினால் சரியாகிவிடும்" என்று எண்ணி ஆளை இறக்குகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 அடி விட்டமும் 40 அடி ஆழமும் உள்ள கிணற்றில் சுமார் 12,560 கன அடி காற்று நிற்கிறது. நிமிடத்துக்கு 9 கன அடி வீதம் ஊதினால், அந்த அளவுக் காற்றை உள்ளே செலுத்த ஏறத்தாழ 1,400 நிமிடம் ஆகும். அதாவது 23 மணி நேரம்! அப்போதும் பழைய காற்றும் புதிய காற்றும் கலந்தே நிற்கும். குழாய் முனையில் 'புஸ்' என்று சீறும் வேகத்தைப் பார்த்து மயங்கிவிடக்கூடாது. சீறுவது அழுத்தம், உயிரைக் காப்பது அளவு.

இன்னொரு ஆபத்தும் உண்டு. கம்ப்ரசர் தன் பக்கத்திலுள்ள காற்றைத்தான் உறிஞ்சுகிறது. என்ஜின் புகையும் அங்கேதான் இருக்கிறது. புகை கலந்த காற்றை உறிஞ்சி, அமுக்கி, கிணற்றின் அடியில் வேலை செய்பவரின் முகத்துக்கு நேரே அனுப்பும் இயந்திரமாக அது மாறிவிடலாம். சாதாரணக் கம்ப்ரசர் காற்று மனிதர் சுவாசிப்பதற்கு உரியது அல்ல.

விளக்கை இறக்கிப் பார்க்கும் வழக்கமும் முழுப் பாதுகாப்பு ஆகாது. உயிர்க்காற்று மிகவும் குறைந்திருந்தால் விளக்கு அணையும். அது நல்ல எச்சரிக்கைதான். ஆனால் கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும் அளவில் இருக்கும்போதும் விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். உள்ளே எரியும் காற்று இருந்தால் விளக்கே தீவிபத்துக்குக் காரணமாகும்.

அப்படியானால் என்ன செய்வது? அகலமான துணிக் குழாய் பூட்டிய மின்சார ஊதுவிசிறியை வாடகைக்கு எடுங்கள். நிமிடத்துக்கு 1,000 கன அடி ஊதும் விசிறியானால், மேற்சொன்ன கிணற்றின் அளவுக் காற்றைப் பதின்மூன்று நிமிடத்தில் செலுத்திவிடும். பல மடங்கு நேரம் ஊதியபின், காற்றைச் சோதிக்கும் கருவி கொண்டு பார்த்தபின், இடுப்பிலும் தோளிலும் கயிறு கட்டிய ஆளை இறக்கவேண்டும். வேலை முடியும்வரை விசிறி ஓடவேண்டும். மேலே இருவர் கயிற்றைப் பிடித்திருக்கவேண்டும்.

உள்ளே இறங்கியவர் மயங்கினால் அடுத்தவர் இறங்கக்கூடாது. அண்ணனைத் தூக்க இறங்கிய தம்பியும், தம்பியைத் தூக்க இறங்கிய பக்கத்து வீட்டாரும் மாண்ட செய்திகளை நாம் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். கயிற்றால் மேலே இழுங்கள். 101 அல்லது 112 எண்ணில் தீயணைப்புத் துறையை அழையுங்கள்.

தொட்டிக்குள் தேங்கும் தண்ணீர்

கடலூர்க் கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். 30 டிகிரி சூடும் நல்ல ஈரமும் உள்ள நாளில், நம் சிறு கம்ப்ரசர் இடைவிடாது ஒரு மணி நேரம் ஓடினால் கால் லிட்டருக்குக் குறையாத தண்ணீர் தொட்டியில் வடியும். ஈரத் துணியைப் பிழிவதுபோல், காற்றை அமுக்கும்போது அதிலுள்ள நீர் பிரிந்துவிடுகிறது.

இந்தத் தண்ணீரை விட்டுவைத்தால் தொட்டியின் அடிப்பாகம் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். வெளியே பெயிண்ட் பளபளப்பாக இருக்கும். உள்ளே தகடு காகிதம்போல் மெலிந்திருக்கும். ஆகவே, தினமும் வேலை முடிந்ததும் அழுத்தத்தைக் குறைத்து, அடியிலுள்ள குழாயைத் திறந்து தண்ணீரை வடிக்கவேண்டும்.

பழைய கம்ப்ரசர் வாங்குவோர் தொட்டியைத் தண்ணீர் நிரப்பிச் சோதிக்கச் சொல்லவேண்டும். வேலை அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கு தண்ணீர் அழுத்தம் கொடுத்துப் பார்ப்பார்கள். தண்ணீர் அமுங்காத பொருளாதலால் தகடு விட்டாலும் கசியுமே தவிர வெடிக்காது. காற்றால் சோதிக்கக்கூடாது. ஓட்டை விழுந்த தொட்டிக்கு வெல்டிங் ஒட்டுப் போட்டு ஓட்டுவது கூடாது, தொட்டியையே மாற்றவேண்டும்.

புயல், வெள்ளக் காலத்தில்

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது பண்ருட்டிப் பகுதியில் பலாவும் முந்திரியும் சாய்ந்தன, மின்கம்பங்களும் விழுந்தன. 2015 வெள்ளத்திலும், 2024 நவம்பர் 30 அன்று கரை கடந்த ஃபெஞ்சல் புயலை ஒட்டிய தென்பெண்ணை வெள்ளத்திலும் இம்மாவட்டம் அவதிப்பட்டது. மின்சாரம் இல்லாத அத்தகைய நாட்களில், மரம் இழுக்கும் டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் காற்று ஏற்ற ஊரில் ஒரு பெட்ரோல் கம்ப்ரசர் இருப்பது நல்லது. மழைக்காலத்துக்கு முன்பே அதை மேடான இடத்தில் வைக்கவேண்டும். வெள்ளத்தில் மூழ்கிய இயந்திரத்தை அப்படியே கிளப்பக்கூடாது. பெட்ரோலையும் இரண்டு எண்ணெய்களையும் வடித்து மாற்றி, வடிகட்டியை உலர்த்தி, மெக்கானிக்கிடம் காட்டியபின் ஓட்டவேண்டும்.

தினசரி கவனிக்க வேண்டியவை

1. என்ஜின் எண்ணெய் வேறு, பம்பு எண்ணெய் வேறு. இரண்டையும் தினமும் பார்க்கவும். பம்புக்குக் கம்ப்ரசர் எண்ணெயே ஊற்றவும்.

2. சமதளத்தில் வைத்து ஓட்டவும். சாய்வான வரப்பில் வைத்தால் எண்ணெய் ஒருபுறம் ஒதுங்கிப் பிஸ்டன் தேய்ந்துவிடும்.

3. தொட்டியின் காற்றைத் திறந்துவிட்டுச் சுமையின்றி என்ஜினைக் கிளப்பவும்.

4. பெல்ட் மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டக்கூடாது. வேட்டி, துண்டு, சேலைத் தலைப்பு சிக்கிக்கொள்ளும்.

5. சூடான என்ஜினுக்குப் பெட்ரோல் ஊற்றக்கூடாது. வைக்கோல் போர், கூரைக் கொட்டகை அருகில் ஓட்டக்கூடாது.

6. உடம்பில் ஒட்டிய பதரைக் கம்ப்ரசர் காற்றால் ஊதக்கூடாது. விளையாட்டாக உடலில் காற்றைச் செலுத்தியதால் உயிரிழந்தோர் நம் நாட்டிலேயே உண்டு. பிள்ளைகளை அருகில் விடவேண்டாம்.

7. அழுத்தமானி சரியாகக் காட்டாவிட்டால் உடனே மாற்றவும்.

வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

ஒரு டிராக்டரும் டிரெய்லரும் வைத்துக்கொண்டு, மின்சாரம் எட்டாத தோப்பிலும் வயலிலும் அடிக்கடி வேலை உள்ளவருக்குச் சிறு பெட்ரோல் கம்ப்ரசர் பயனுள்ளது. வீட்டருகே மட்டும் வேலை என்றால் மின்சாரக் கம்ப்ரசரே மலிவு. டிராக்டர் இல்லாத சிறு விவசாயி தனியாக வாங்க வேண்டியதில்லை. பத்துப் பேர் சேர்ந்த குழுவாக ஒன்று வாங்கி, ஒருவர் பொறுப்பில் விட்டு, மணிக் கணக்கில் வாடகை வைத்துக்கொள்ளலாம். ஆழ்துளை கழுவவும் பாறை குடையவும் பெரிய கம்ப்ரசரை வாடகைக்கே எடுக்கவேண்டும். தங்கள் பகுதி வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் வாடகை இயந்திரங்கள், மானியம் பற்றிக் கேட்டறிந்தபின் முடிவு செய்வது நலம்.

கடையில் அழுத்தமானியின் முள் 115ஐக் காட்டும்போது, "நிமிடத்துக்கு எத்தனை கன அடி?" என்று கேட்க மறக்காதீர்கள். விடை 9 என்றால் டயருக்கும் வடிமுனைக்கும் வாங்குங்கள். ஆள் இறங்கும் கிணற்றுக்கு அதை நம்பாதீர்கள்.